காத்திருப்பின் செலவு யாருடையது?

லிபரல் ஆர்ட்ஸ் படிப்பு பிழைப்புக்கு உதவுமா என்ற கேள்வி அமெரிக்காவில் இருநூறு ஆண்டுகளாக ஓயாமல் எழுந்துகொண்டிருக்கிறது. 1828-ல் யேல் கல்லூரியின் ஆசிரியர்கள் கிரேக்கமும் லத்தீனும் பாடத்திட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று வாதாடி ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் போகப்போகிற பையன்களுக்கு இந்தப் பழைய மொழிகள் எதற்கு என்று வெளியில் குரல் எழுந்ததால்தான் அதை எழுத நேர்ந்தது. பாடங்கள் மாறிவிட்டன, கேள்வி மாறவில்லை. அதற்கு வழக்கமாக வரும் பதில்கள் இரண்டு. இது மனிதரை உருவாக்கும் கல்வி, வேலையை வைத்து இதை அளப்பதே தவறு என்பது ஒன்று. வசதி படைத்தவர்களின் ஆடம்பரம் இது, வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடுகிறவர்களுக்கு ஆகாது என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மையில் பாதியை மறைக்கின்றன என்று நினைக்கிறேன். இந்தப் படிப்பு வருமானம் தருகிறது, ஆனால் தாமதமாகத் தருகிறது. அந்தத் தாமதத்தைத் தாங்கும் வலு எல்லா வீட்டுக்கும் இல்லை. அது பலன் தரும்வரை ஆகும் காத்திருப்பின் செலவை யார் ஏற்பது என்பதைத்தான் நாம் முதலில் விவாதிக்க வேண்டும்.

இந்தத் தாமதத்தை எண்களில் காட்டுகிறது 2020-ல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கல்வி மற்றும் பணியாளர் ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கு. படிப்புக்கு ஆன செலவைக் கழித்துவிட்டு, பின்னால் வரும் வருமானத்தை இன்றைய மதிப்புக்கு மாற்றி, ஒவ்வொரு வகைக் கல்லூரியும் மாணவருக்கு எவ்வளவு திருப்பித் தருகிறது என்று அவர்கள் கணித்தார்கள். சேர்ந்து 10 ஆண்டுகள் ஆனபின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் இடைநிலை மதிப்பு 62,000 டாலர். எல்லாக் கல்லூரிகளையும் சேர்த்துப் பார்த்தால் அது 1,07,000 டாலர். இத்தோடு நிறுத்தினால் லிபரல் ஆர்ட்ஸ் தோற்றது என்று எழுதிவிடலாம். 40 ஆண்டுகளின் கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளுக்கு 9,18,000 டாலர், எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து 7,23,000 டாலர். பொறியியல், தொழில்நுட்பக் கல்லூரிகளும் வணிகக் கல்லூரிகளும் ஏறக்குறைய இதே 9 லட்சத்தைச் சுற்றியே நிற்கின்றன. பத்தாம் ஆண்டில் பின்தங்கியிருந்தவர் நாற்பதாம் ஆண்டில் முன்வரிசைக்கு வந்துவிடுகிறார். இடையில் நடப்பது என்ன, அந்த இடைவெளியை எல்லோராலும் கடக்க முடிகிறதா என்பவை இரண்டு தனிக் கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் கல்லூரிகளின் வகுப்பறையில் இருக்கிறது. இரண்டாவதற்கு அங்கே பதில் இல்லை.

லிபரல் ஆர்ட்ஸ் என்றால் நம்மில் பலருக்கு இலக்கியமும் வரலாறும் தத்துவமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கல்லூரிகளில் கணிதம், இயற்பியல், உயிரியல், கணினி அறிவியல் எல்லாம் அவற்றுக்குச் சமமாக அமர்ந்திருக்கின்றன. இன்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ராபர்ட் நாய்ஸ் அயோவா மாநிலத்தின் கிரின்னெல் கல்லூரியில் இயற்பியலும் கணிதமும் படித்து 1949-ல் பட்டம் பெற்றவர். டிரான்சிஸ்டர் உலகுக்கு அறிமுகமான உடனேயே, சோள வயல்கள் சூழ்ந்த அந்தச் சிறு ஊர்க் கல்லூரியில், கிராண்ட் கேல் என்ற ஆசிரியரின் வகுப்பில் அவருக்கு அது அறிமுகமானது. அதே கல்லூரியில் படித்த தாமஸ் செக் 1989-ல் வேதியியல் நோபல் பெற்றார். மரபணுத் திருத்தத்துக்காக 2020-ல் நோபல் பெற்ற ஜெனிபர் டவுட்னா கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியில் படித்தவர். இவை தேர்ந்தெடுத்த உச்சங்கள்தான், இவற்றை வைத்துச் சராசரியை நிறுவ முடியாது. ஆனாலும் இந்த வகைக் கல்லூரியின் தனித்தன்மை பாடங்களின் பட்டியலில் இல்லை என்பதை இவை தெளிவாகக் காட்டுகின்றன.

தனித்தன்மை இருப்பது அமைப்பில். பெரும்பாலும் இளநிலைப் பட்டம் மட்டுமே தரும் கல்லூரி. மாணவர் எண்ணிக்கை 1,500-லிருந்து 2,500-க்குள். ஆராய்ச்சி மாணவர்களிடம் வகுப்பை ஒப்படைக்காமல் பேராசிரியரே பாடம் நடத்துவார். முதல் இரண்டு ஆண்டுகள் அறிவியலிலும் சமூகவியலிலும் கலைகளிலுமாகப் பல துறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தை மாணவர் அறிவிக்கிறார். நான்கு ஆண்டுகளில் எடுக்கும் முப்பதுக்குச் சற்றே கூடுதலான பாடங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே மேஜருக்குப் போகும். பதினேழு வயதில் பூர்த்தி செய்த விண்ணப்பம் ஒருவரின் ஆயுளை முடிவு செய்துவிடக் கூடாது என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டுக்குள் இருக்கிறது. பொருளாதாரம் படிக்க வந்தவர் நிலவியலில் முடிப்பதும், மருத்துவக் கனவோடு வந்தவர் நாடகத் துறைக்குப் போவதும் அங்கே தோல்வியாகக் கருதப்படுவதில்லை.

மாணவர் வாழ்க்கை என்று தனியாகச் சொல்லப்படுவதும் இந்த அமைப்பின் ஒரு பகுதியே. பெரும்பாலானவர்கள் நான்கு ஆண்டும் வளாகத்திலேயே தங்குவதால் விடுதி நடைக்கூடத்தில் இசை மாணவரும் வேதியியல் மாணவரும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறார்கள். காலையில் செமினாரில் தொடங்கிய விவாதம் இரவு உணவு மேசைவரை நீள்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் இதைத் தன் வழியில் இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஹேவர்போர்டில் நேர்மை விதித்தொகுப்பை மாணவர்களே நடத்துகிறார்கள், தேர்வறையில் மேற்பார்வையாளர் இருப்பதில்லை. ரீட் கல்லூரியில் எந்தத் துறையானாலும் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடு எழுதாமல் பட்டம் கிடையாது. ஸ்வார்த்மோரில் 1922-ல் பிராங்க் அய்டிலாட் தொடங்கிய ஆனர்ஸ் திட்டத்தில், சிறு குழுக்களாகப் படித்த மாணவர்களை இறுதியில் வெளியூர் அறிஞர்கள் வந்து எழுத்திலும் பேச்சிலும் சோதிக்கிறார்கள். பாடம் நடத்தியவரே மதிப்பெண் போடாததால் ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கம் நின்று வெளியாளை எதிர்கொள்கிறார்கள். பயிற்றுவிப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் மாணவருக்கு உண்மையிலேயே ஏதாவது கற்றுத் தருகின்றனவா? 2011-ல் ரிச்சர்ட் அரம், ஜோசிப்பா ரோக்ஸா என்ற இரு சமூகவியலாளர்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். சிக்கலான செய்தியைப் படித்து, ஆராய்ந்து, எழுதிக் காட்டும் திறனில் 45 சதவீத மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதையும் காட்டவில்லை என்ற அவர்களின் முடிவு அமெரிக்கக் கல்வியுலகைக் கலக்கியது. அதே நூலில் சொல்லப்பட்ட இன்னொன்று அவ்வளவு பேசப்படவில்லை. வாரத்துக்கு 40 பக்கங்களுக்கு மேல் படிக்கவும், ஒரு பருவத்தில் 20 பக்கங்களுக்கு மேல் எழுதவும் வைத்த பாடங்களை எடுத்தவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். கலை, அறிவியல் துறைகளில் படித்தவர்கள் வணிகம் போன்ற தொழிற்படிப்பு மாணவர்களைவிட முன்னே இருந்தார்கள். அவர்கள் பயன்படுத்திய தேர்வு எல்லாவற்றையும் அளக்கிறதா என்று ஐயம் எழுப்பியவர்கள் உண்டு, அந்த ஐயத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் நிறையப் படி, நிறைய எழுது, எழுதியதை ஒருவர் உட்கார்ந்து திருத்தட்டும் என்பதற்கு எதிரான சான்றை யாரும் கொண்டுவரவில்லை. அந்த ஒருவர் யார், அவருக்கு எத்தனை மாணவர்கள் என்பதில்தான் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு.

வேலைவாய்ப்பில் இது எப்படித் தெரிகிறது என்பதற்கு டேவிட் டெமிங், கடீம் நோரே இருவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. பொறியியல், கணினி போன்ற செயல்முறைத் துறைகளில் பட்டம் பெற்றவர்களுக்கு வேலையில் சேரும்போது கிடைக்கும் கூடுதல் சம்பளம், முதல் பத்தாண்டுகளுக்குள் பாதிக்கு மேல் தேய்ந்துவிடுகிறது. அந்த வேலைகள் கேட்கும் திறன்கள் விரைந்து மாறுவதே காரணம். கல்லூரியில் கற்ற மென்பொருளும் முறைகளும் பழையனவாகின்றன, புதியவற்றைக் கற்று வந்த இளையவர்கள் போட்டிக்கு வருகிறார்கள். அப்படியும் பொறியாளர்கள் மொத்தத்தில் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள், அதை மறுக்கத் தேவையில்லை. அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கையும் அப்படித்தான் சொல்கிறது. 56 முதல் 60 வயதில், மானுடவியல் துறைகளிலும் சமூக அறிவியலிலும் பட்டம் பெற்றவர்கள் தொழிற்படிப்பு படித்தவர்களைவிட ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் கூடுதலாகப் பெறுகிறார்கள், ஆனால் பொறியாளர்களை எட்டவில்லை. அந்த 2,000 டாலரில் பெரும்பங்கு மேற்படிப்பால் வந்தது. இதைச் சிலர் அறிக்கையின் பலவீனமாகச் சுட்டினார்கள். எனக்கு அது பொருளின் மையமாகவே படுகிறது. அமெரிக்காவில் மருத்துவமும் சட்டமும் இளநிலைப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. அங்கே லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி என்பது பாதையின் முதற்பாதி. மறுபாதிக்கு இன்னும் மூன்று நான்கு ஆண்டும், அதற்கான பணமும் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழையும் நம் ஊர் முறையோடு இதை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிட்டே பெரும்பாலும் பேசுகிறார்கள்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். இந்தக் கல்லூரிகளில் சேர்வதே ஏற்கெனவே திறமையும் வசதியும் உள்ள பிள்ளைகள். அவர்கள் எங்கே படித்திருந்தாலும் முன்னுக்கு வந்திருப்பார்கள், கல்லூரிக்கு ஏன் பெருமை? இந்த மறுப்பை ஒதுக்கிவிட முடியாது. மேலே சொன்ன ஜார்ஜ்டவுன் எண்கள் இதைப் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்ட முயன்றவர்கள் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர். 2002-ல் வெளியான அவர்களின் ஆய்வு, ஒரே மாதிரியான கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, அவற்றில் இடமும் கிடைத்து, பிறகு வேறு வேறு கல்லூரிகளில் சேர்ந்தவர்களை ஒப்பிட்டது. ஸ்வார்த்மோர், வில்லியம்ஸ் போன்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளும் அந்தத் தரவில் இருந்தன. பெரும்பாலான மாணவர்களுக்கு, கடுமையாகத் தேர்வு செய்யும் கல்லூரியில் படித்ததால் வருமானத்தில் தனியான ஏற்றம் இல்லை என்றே முடிவு வந்தது. மறுப்பவர்களின் கட்சி இங்கே வென்றது என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு ஏற்றம் தெளிவாகத் தெரிந்தது. இருவரும் பின்னர் நீண்டகால வருமானத்தை வைத்துச் செய்த ஆய்வில் கருப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கும், பெற்றோர் அதிகம் படிக்காதவர்களுக்கும் அதே பலன் தென்பட்டது. வீட்டில் புத்தக அலமாரியும் அறிமுகங்களும் உள்ளவருக்குக் கல்லூரி புதிதாகத் தருவது கொஞ்சம். இல்லாதவருக்கு அது நிறையத் தருகிறது.

அப்படியானால் யாருக்கு அதிகப் பலனோ அவர்கள்தானே அதிகம் சேர்ந்திருக்க வேண்டும்? நடப்பது நேர்மாறு. 2017-ல் ராஜ் செட்டியும் சகாக்களும் வரிக் கணக்குகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், 38 கல்லூரிகளில் நாட்டின் மிகப் பணக்கார 1 சதவீதக் குடும்பங்களின் பிள்ளைகள், கீழ்த்தட்டு 60 சதவீதக் குடும்பங்களின் மொத்தப் பிள்ளைகளையும்விட அதிகமாக இருந்தார்கள். அந்த 38-ல் பெயர்பெற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பல. வசதியானவர்களின் ஆடம்பரம் என்று சொல்பவர்களுக்கு இது கைச்சான்று. வாழை வைத்தவர் ஓராண்டில் குலை வெட்டுவார், தென்னை வைத்தவர் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். தென்னையே மேல் என்று அறிவுரை சொல்பவர், அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தென்னை வைத்தவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். கல்விக் கடன் வாங்கிய முதல் தலைமுறை மாணவரிடம் நாற்பதாண்டுக் கணக்கைக் காட்டுவதில் பொருளில்லை. அவருடைய தவணை அடுத்த மாதமே தொடங்கிவிடும்.

ஆனால் ஆடம்பரம் என்பது இந்தக் கல்வியின் இயல்பா, அதற்குப் பணம் கட்டும் முறையின் விளைவா? கென்டக்கி மாநிலத்தின் பெரீயா கல்லூரி இதைத் தெளிவாக்குகிறது. அடிமை முறையை எதிர்த்த ஜான் பீ என்ற போதகர் 1855-ல் தொடங்கியது அது. உள்நாட்டுப் போருக்குப் பின் வெள்ளையரும் கருப்பினத்தவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்தார்கள். தென் மாநிலம் ஒன்றில் அன்று அது பெரிய துணிச்சல். 1904-ல் மாநில அரசு அதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. கல்லூரி உச்ச நீதிமன்றம்வரை சென்று 1908-ல் தோற்றது. 1950-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே கருப்பின மாணவர்கள் மீண்டும் சேர முடிந்தது. கருப்பின வரலாற்றை ஒரு கல்வித் துறையாக வளர்த்த கார்ட்டர் உட்சன் தடைக்கு முன் அங்கே பட்டம் பெற்றவர். பிற்பாடு அப்பலாச்சிய மலைப்பகுதியின் ஏழை வெள்ளைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அதுவே வாசல் ஆனது.

1892 முதல் பெரீயா கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால்தான் அங்கே இடம் கிடைக்கும், மற்ற கல்லூரிகளில் வசதி ஒரு சாதகம் என்றால் இங்கே அது தடை. ஒவ்வொரு மாணவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணிநேரம் கல்லூரியில் வேலை செய்ய வேண்டும். நெசவுக்கூடம், துடைப்பம் செய்யும் பட்டறை, மரவேலை, பண்ணை, நூலகம், ஆய்வகம், கல்லூரியே நடத்தும் பூன் டாவர்ன் விடுதி என்று வேலையிடங்கள் பல. தத்துவம் படிப்பவரும் தறியில் உட்காருகிறார், கணினி படிப்பவரும் விடுதியில் உணவு பரிமாறுகிறார். அந்த உழைப்பு கூலியோடும் மதிப்பீட்டோடும் பட்டத்தின் பகுதியாகிறது. வேலைக்குப் போன அனுபவம் இல்லாமல் வெளியே வந்து திகைக்கும் மாணவர் அங்கே இல்லை. இந்தத் துணிவுக்குப் பின்னால் 1920-ல் அறங்காவலர்கள் எடுத்த ஒரு முடிவு இருக்கிறது. நிபந்தனையில்லாமல் உயில் வழியே வரும் கொடைகளை அன்றாடச் செலவுக்குத் தொடாமல் முதலீட்டு நிதியில் சேர்ப்பது என்று அன்று தீர்மானித்தார்கள். அந்த நிதி இன்று நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது, ஏறத்தாழ 1,500 மாணவர்களின் காத்திருப்பை அதன் வருவாய் சுமக்கிறது. பெரீயாவின் மாதிரியை எல்லோரும் பின்பற்ற முடியாது என்பார்கள். அவ்வளவு பெரிய நிதி எல்லோரிடமும் இல்லை என்பது உண்மை. ஆனால் பெரீயாவைவிடப் பன்மடங்கு புகழும் அதற்கு ஈடான, சில இடங்களில் அதை மிஞ்சிய நிதியும் உள்ள கல்லூரிகள் 38-ன் பட்டியலில் இடம்பெறுவது அவை செய்துகொண்ட தேர்வு.

நிதி இல்லாதவர்களுக்கு என்ன ஆகிறது? பொருளாதார அறிஞர் டேவிட் பிரென்மன் 1990-ல் பட்டியல்களை ஆராய்ந்து, லிபரல் ஆர்ட்ஸ் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட கல்லூரிகளில் உண்மையாகவே அந்தத் தன்மை உடையவை 212 மட்டுமே என்றார். மற்றவை வணிகம், செவிலியர் பயிற்சி, கணக்கியல் பட்டங்களால் உயிர் பிழைத்துக்கொண்டிருந்தன. 2012-ல் அதே அளவுகோலைக் கொண்டு வேறு ஆய்வாளர்கள் எண்ணியபோது 130 மிஞ்சியிருந்தன. அதன் பிறகு கிரீன் மவுண்டன் 2019-லும் வெல்ஸ் 2024-லும் மூடப்பட்டன. மில்ஸ் கல்லூரி 2022-ல் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 2015-ல் மூடப்போவதாக அறிவித்த ஸ்வீட் பிரையர், முன்னாள் மாணவியர் திரண்டு பணம் சேர்த்துப் போராடியதால் தப்பியது. சந்தை தீர்ப்பு சொல்லிவிட்டது என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. அவர்கள் கவனிக்க வேண்டியது, மூடப்பட்டவை நிதி மெலிந்த சிறு கல்லூரிகள். நிதி கொழுத்தவற்றின் வாசலில் விண்ணப்பங்கள் குவிகின்றன. பணக்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கல்வியைத் தொடர்ந்து விரும்பி வாங்கிக்கொண்டே, மற்றவர் பிள்ளைகளுக்குத் திறன் பயிற்சி போதும் என்று சொல்லும் நிலைதான் சந்தையின் உண்மையான தீர்ப்பு. அதை ஏற்க எனக்கு மனமில்லை.

காத்திருப்பைத் தாங்கியவர்கள் பொறுமை இழந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறார்கள். மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் சிலர் 1806-ல் ஒரு வைக்கோற் போரடியில் கூடிச் செய்த பிரார்த்தனையிலிருந்து அமெரிக்க அயல்நாட்டு மிஷன் வளர்ந்தது. அதன் சார்பில் 1816-ல் யாழ்ப்பாணம் வந்தவர்களில் ஒருவர் டார்ட்மத் கல்லூரியில் படித்த டேனியல் பூவர். அவர் தலைமையில் 1823-ல் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரி, நியூ இங்கிலாந்துக் கல்லூரியின் சாயலில் அமைந்தது. மாணவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், இயற்கணிதம், வானியல், தருக்கம், கிறிஸ்தவம் எல்லாம் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. செலவை அமெரிக்கக் கொடையாளர்கள் ஏற்றார்கள், மாணவர்களுக்கு அவர்களின் பெயர்களைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. கொடையாளர்கள் எதிர்பார்த்தது போதகர்களையும் உபதேசியார்களையும். வந்தவர்களோ ஆங்கிலம் கற்று அரசு அலுவலகங்களுக்குப் போனார்கள். மிஷன் தலைமையிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் வந்து பார்வையிட்டபின் 1855-ல் செமினரி மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1857-ல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்த வட்டுக்கோட்டையில் படித்தவர்களே.

தாமோதரம்பிள்ளையின் வாழ்க்கைப் பாதையை எந்த வேலைவாய்ப்பு ஆலோசகரும் முன்கூட்டி வரைந்திருக்க முடியாது. பத்திரிகை ஆசிரியர், அரசுப் பணியாளர், புதுக்கோட்டையில் நீதிபதி. இவற்றுக்கிடையில் தொல்காப்பியத்தின் பகுதிகளையும், 1887-ல் கலித்தொகையையும் ஏடுகளிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பிய முறைத் தருக்கமும் தமிழ் இலக்கணமும் ஒரே விடுதியில் கற்ற மனம் அந்த வேலைக்குத் தேவைப்பட்டது. மிஷனின் கணக்கேட்டில் அவர் ஒரு நஷ்டம், ஏனெனில் எண்ணியவர்கள் மிக விரைவாகவும் மிகக் குறுகிய பொருளிலும் எண்ணினார்கள். பின்னாளில், 1872-ல், அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கப்பட்டது. செலவை ஏற்பவர் யாரோ அவரே விளைவையும் வரையறுக்கிறார் என்பது இதில் தெரிகிறது. பிள்ளையின் படிப்புக்காக நகையை அடகு வைத்த குடும்பம் முதல் சம்பளத்தை எண்ணுவது பேராசையால் அல்ல. வேறு யாரும் அந்தச் சுமையை ஏற்காததால் அந்தக் குடும்பத்துக்கு வேறு அளவுகோல் இல்லை.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. படிப்பையும் வேலையையும் மாற்றி மாற்றி அமைக்கும் முறையை 1921-ல் ஒஹாயோவின் ஆண்டியோக் கல்லூரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஆர்தர் மார்கன், 1948-49-ல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்வி ஆணையத்தில் உறுப்பினர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அதே ஆணையத்தில் இருந்தார். எல்லாப் பட்டப்படிப்பிலும் பொதுக்கல்வி வேண்டும் என்றும் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்றும் அந்த ஆணையம் பரிந்துரைத்தது. பின்னதன் தொடர்ச்சியாகத்தான் 1956-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில் கிராமிய உயர்கல்வி நிறுவனம் எழுந்தது. முன்னது ஆங்காங்கே ஓரிரு பொதுப்பாடங்களாகச் சுருங்கிப்போனது. 2013-ல் தில்லிப் பல்கலைக்கழகம் நான்காண்டுப் படிப்பைக் கட்டாய அடிப்படைப் பாடங்களோடு அவசரமாகக் கொண்டுவந்து, மறு ஆண்டே திரும்பப் பெற்றது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை மீண்டும் நான்காண்டையும் பல்துறைக் கல்வியையும் முன்வைக்கிறது. இதற்கிடையில் 2014-ல் சோனிபட்டில் அசோகா, பிறகு ஸ்ரீசிட்டியில் கிரியா என்று தனியார் பல்கலைக்கழகங்கள் வந்துவிட்டன. அவற்றின் வகுப்பறைகள் இந்தக் கல்வியின் அமைப்பை ஓரளவு கொண்டுவந்திருக்கின்றன என்பதை மறுக்க மாட்டேன். உதவித்தொகையும் தருகிறார்கள். ஆனால் ஆண்டுக்குப் பல லட்சம் கட்டணம் என்ற வாசலில் 38 கல்லூரிகளின் கதை இங்கும் தொடங்கிவிட்டது. அரசுப் பல்கலைக்கழகங்களிலோ பாடங்களின் பட்டியல் வந்திருக்கிறது, ஆண்டு ஒன்று கூடியிருக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை கூடவில்லை. அமைப்பை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கொண்டுவந்தால், ஏழை மாணவருக்குக் காத்திருப்பு ஓராண்டு நீளும், பலன் வராது.

முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உடனே வேலை தரும் திறன் பயிற்சியே நியாயம், மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கறையோடு சொல்பவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் நான் முதல்வன் திட்டம் கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கும் திறன் பயிற்சியைக் கொண்டு சேர்த்தது. அதை வரவேற்கிறேன். வேலைக்கான பயிற்சியும் பரந்த கல்வியும் பகையாளிகள் அல்ல என்பதைப் பெரீயாவின் தறிகளே காட்டுகின்றன. ஆனால் டெமிங்கும் நோரேயும் காட்டியது போல் பயிற்சியால் வரும் கூடுதல் பத்தாண்டில் தேய்ந்துவிடும். அதன் பிறகு ஒருவரை நிறுத்துவது படித்துப் புரிந்துகொண்டு தெளிவாக எழுதும் ஆற்றல். வீட்டிலிருந்து அதைக் கொண்டுவர வாய்ப்பில்லாதவருக்குத்தான் கல்லூரி அதைக் கொடுத்தாக வேண்டும்.

அதைக் கொடுக்க ஆகும் செலவு கணக்கிட முடியாத ஒன்றல்ல. அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் 60 பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் 20 பக்கம் எழுதினால் 1,200 பக்கங்கள். மூன்று வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு 3,600 பக்கங்கள். இன்று பல கல்லூரிகளில் அந்த இடத்தில் நிற்பவர், அடுத்த ஆண்டு பணி உண்டா என்று தெரியாத கௌரவ விரிவுரையாளர். வகுப்பை இருபது பேராகப் பிரிப்பது, அந்த ஆசிரியரை நிரந்தரமாக்கிக் காலமுறைச் சம்பளம் தருவது, பக்கங்களைத் திருத்தும் நேரத்தையும் கற்பித்தல் நேரமாகக் கணக்கில் எடுப்பது, படிக்கும் ஆண்டுகளில் மாணவர் வளாகத்திலேயே கூலியோடு உழைக்க வழி செய்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை உண்டு. நான்காம் ஆண்டைச் சேர்ப்பது பற்றியும் புதிய பாடங்களைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால் அந்தத் தொகை மாநில நிதிநிலை அறிக்கையில் ஒரு வரியாக வர வேண்டும்.